கறுவலும் றொக்கியும் நீந்திய மத்தியானம்

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் கதிரவேலர் அன்புவழிபுரத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நல்ல மனுசன், கேட்காமலே உதவுவார். ஆனால் தன் பக்கத்து வீட்டுக் கஜீபனின் நாயைக் கண்டால் மட்டும் அவருக்கு வயிறு எரியும்.

கதிரவேலரின் றொக்கி கொழும்பிலிருந்து வந்த லப்ரடோர் நாய். அதன் தாய், தகப்பன், பாட்டன் பெயரெல்லாம் எழுதிய பத்திரம் அலுமாரிக்குள் இருக்கிறது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். கஜீபனின் கறுவலுக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது. ஆனால் அது மதில் பாயும். கஜீபன் மீன்பிடிக்கப் போகும்போது மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கடற்கரை வரைக்கும் ஓடிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வரும். றொக்கிக்கு வாசல் படலையடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும். மூன்று வேளையும் இறைச்சியும் சோறுமாகத் தீத்தினால் வேறென்ன நடக்கும்? அதைச் சொன்னால் என்னோடு இரண்டு நாள் கதைக்க மாட்டார்.

"தரையில என்னவும் செய்யட்டும். லப்ரடோர் தண்ணிக்கெண்டே பிறந்த சாதி. ரெண்டையும் நீந்த விட்டுப் பாப்பமே?" என்று ஒருநாள் கஜீபனிடம் கேட்டார்.

"விடுவம் அண்ணை" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வேறு அவரைச் சுட்டது.

நாளைக் குறித்தவரும் அவர்தான். ஆடி மாதம், கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் மத்தியானம். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதில் கறுவல் களைத்துப்போகும் என்று இருபது வருடம் படகு ஓட்டியவர் கணக்குப் போட்டார். கரையிலிருந்து நீந்திப் போய், வெளியே நங்கூரமிட்டிருந்த கஜீபனின் படகைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கள்ளம் நடக்கக் கூடாதென்று அந்தப் படகில் கஜீபனையே இருக்கச் சொன்னார்.

அவன் அங்கிருந்து விசிலடிக்க, இரண்டு நாய்களும் பாய்ந்தன. றொக்கிதான் முன்னுக்கு. சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகாக நீந்தியது! கதிரவேலர் துள்ளினார். படகைத் தொட்டதும் நாங்கள் கரையிலிருந்து கூப்பிட, இரண்டும் திரும்பின. அப்போதுதான் கச்சான் பிடித்துக்கொண்டது. கறுவல் ஒரே சீராக நீந்தி வந்து கரையேறி உடம்பை உதறியது. றொக்கியின் தலையோ படகையும் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. கஜீபன் கறுவலைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியாது.

நான் கத்தப் போக, கதிரவேலர் என் கையைப் பிடித்தார். "பொறு. வந்திடும்."

கஜீபனை உதவிக்குக் கூப்பிட்டால் தோற்றதாகிவிடுமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு றொக்கியின் தலை ஒருதரம் தண்ணீருக்குள் போய் வந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"தம்பி! என்ர பிள்ளையைப் பிடியடா தம்பி!"

கஜீபன் திரும்பிப் பார்த்தான். நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினான். றொக்கியைத் தூக்கி வந்து அவர் மடியில் கிடத்தினான்.

"இனி இதைக் கடலில விடாதேங்கோ அண்ணை. உங்களில எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமே? சின்னனில இருந்தே இப்பிடியொரு நாய் வளக்கத்தான் எனக்கு ஆசை."

றொக்கி உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. நான் கதிரவேலரின் முகத்தைப் பார்த்தேன். பாவி மனுசன், வந்த சிரிப்பை அடக்க முடியாமல், குனிந்து நாயின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.