வட்டப் பாதைக்குக் கூடுதலாக ஒரு நாள்

முதலில் வலது காலின் செருப்புதான் கழன்றது. ஹைதராபாத் கொண்டாப்பூரில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில், பால் பாக்கெட்டோடு ஒரு மாடி ஏறிய பிறகுதான் கால் வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். செருப்பு கீழ்ப்படியில் கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

அப்போது நான் மலையேற்றப் பயிற்சியில் இருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் நுழைந்து, ஒரு சிகரத்தைச் சுற்றி, புறப்பட்ட ஊருக்கே மறுபக்கமாக வந்து சேரும் வட்டப் பாதை. அலுவலக நண்பர்கள் மூவர், என் கணவர் சரவணன், நான். பாதையைத் திட்டமிட்டவள் நான்தான்.

முதுகுப் பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு தினமும் மாடி ஏறி இறங்கினேன். கால் கனத்தபோது பயிற்சி வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். விரல்கள் மரத்தபோது புது ஷூவைத் திட்டினேன். மலையேறுகிறவர்களுக்கே உரிய முட்டாள்தனம் இது. உடம்பு கதறினாலும் அதைத் தேர்ச்சி என்றே எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு கால்களும் ஒன்றுபோல மரத்து, அந்த மரப்பு மேலே ஏறிக்கொண்டே வந்தால், தயவுசெய்து அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. ஒரு காலையில் கட்டிலைவிட்டு எழ முடியாமல் போனபிறகு, சரவணன் தூக்கிக்கொண்டுதான் போனார்.

நரம்பியல் மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். துள்ள வேண்டிய கால் சும்மா கிடந்தது. நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது) செய்த பிறகு நோயின் பெயரைச் சொன்னார். குய்யான்-பாரே (நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் நரம்புகளைத் தாக்கும் நோய்).

இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. செவிலியர் அடிக்கடி வந்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். மூச்சுத் தசைகளும் தளர்கின்றனவா என்று அறிய அது எளிய வழி. எண்ணிக்கை குறையும்போதெல்லாம் சரவணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

நல்லவேளை, மூச்சு தப்பியது. கால்கள் மெல்லத் திரும்பின. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பழைய ஹைதராபாத்துக்காரர். நான் சுவரை விட்டுவிட்டு நடக்கப் பார்த்தால், "ஜல்தி நக்கோ மேடம்" (அவசரம் வேண்டாம்) என்பார். கால்விரல்களில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். அந்தப் பதிலோடு வாழப் பழகுவது நடை பழகுவதைவிடக் கடினமாக இருந்தது.

அடுத்த ஆண்டு மறுபடியும் வரைபடத்தை விரித்தேன். சரவணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, போன வழியே திரும்பி வர்ற மலையா பாரு. முடியலைன்னா எங்க வேணும்னாலும் திரும்பிக்கலாம். வட்டத்துல பாதிக்குப் போயிட்டா, முன்னால போறதும் திரும்பறதும் ஒரே தூரந்தான்."

"நான் பாதியில விழுந்துருவேன்னு நினைக்கறீங்களா?"

"விழுந்தா என்ன பண்றதுன்னு நினைக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

என்னால் முடியும் என்று நிரூபிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வெளியே பாறைக் குன்றுகளில் பகல் முழுவதும் நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனில் பெருமையடித்தேன். நாளைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காபி டம்ளரைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லை. இந்த நோயின் களைப்பு அப்படித்தான், உழைத்த அன்று வராது. பிறகு நிதானமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த மலையேற்றத்துக்கும் முன் ஒருநாள் நடந்து பார்ப்போம். அதற்கு மறுநாளைச் சோதிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

வட்டப் பாதையை விடவில்லை, திட்டத்தை மட்டும் மாற்றினேன். பெரிய ஏற்றத்துக்கு அடுத்த நாள் யாரும் நடப்பதில்லை. வனத்துறை முகாமில் படுத்திருப்பது மட்டும்தான். நண்பர்களிடம் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். குழுவில் இளையவனான ஷாகுல்தான் முதலில் பேசினான்.

"அக்கா, ஒரு நாள் பூரா போன் சிக்னல் இல்லாம படுத்துக் கிடக்கணும், அவ்வளவுதானே? கசக்குமா என்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருத்துவரும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மரத்த காலில் காயம் பட்டால் தெரியாது. அதனால் நிற்கும் இடத்திலெல்லாம் ஷூவைக் கழற்றி வேறொருவர் பாதங்களைப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் சரவணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வட்டத்தை முடித்தோம். ஆனால் என் மனதில் தங்கிப்போனது, முகாமில் படுத்திருந்த அந்த நாள். முந்தைய மாலை என் கால்விரலிடுக்கில் ஓர் அட்டை ரத்தம் குடித்துப் பருத்திருந்ததைச் சரவணன் கண்டு, உப்புத் தடவி எடுத்திருந்தார். வழக்கம்போல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மரங்களின் மேல் மூடுபனி ஏறுவதும் கலைவதுமாக இருந்தது. நண்பர்கள் தூங்கினார்கள். முன்பெல்லாம் நடக்காத பகல் எனக்கு வீணான பகல். அன்று எதுவும் வீணாவதாகத் தோன்றவில்லை. உடம்பு தன் வேகத்தில் எங்கோ வந்துகொண்டிருக்கிறது, நான் காத்திருக்கிறேன் என்று இருந்தது.

பிற்பகலில் இடது கால் நடுவிரலில் ஏதோ ஊர்ந்தது. எழுந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அட்டை கடித்த இடம் சிவந்திருந்தது. மறுபடியும் ஊர்ந்தது. அது அரிப்பு என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஏங்க, அரிக்குது."

சரவணன் பதறி என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். சொறிந்துவிடக் கையைக் கொண்டுபோனார். நான் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க. இன்னும் கொஞ்சம் அரிக்கட்டும்."