அம்பு சொன்ன ‘டிக்’

எங்கள் வீட்டில் எல்லாரும் வாய்க்குள்ளேயே கதைக்கிறார்கள் என்று கொஞ்ச காலமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி சரியில்லை என்று நிர்வாகத்தாரையும் போய் ஏசிவிட்டு வந்தேன். மரம் அறுக்கும் மரக்காலையில், வாள் மெஷினுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த தச்சு ஓடாவி எனக்கு, பிழை என் காதில் இருக்கும் என்று தோன்றவேயில்லை பாருங்கள்.

கதவு, ஜன்னல் வேலை போக, மரத்தில் அம்பும் செய்கிறேன். என் மனைவியின் தம்பி அறுகம்பே கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்கு வில்வித்தை பழக்குகிறான், அவனுக்குத்தான். மலைவேம்பை நார் போகும் போக்கிலேயே பிளந்து, சீவுளியால் உருட்டி, வான்கோழி இறகு ஒட்டுவேன். கடைசி வேலைதான் முக்கியம். அம்பைக் காதோரம் பிடித்து மெல்ல வளைக்க வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ‘டிக்’ என்று சொல்லும். அதை ஒடித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். தவறவிட்டால், நாணை விட்ட கணத்தில் அம்பு சிதறி, வில்லைப் பிடித்திருக்கும் கைக்குள்ளேயே பாயும். புது அம்புகளை மச்சான் தானே முதலில் எய்து பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பான்.

அன்று காலை ஒரு கட்டு அம்பைப் பஸ்ஸில் அவனுக்கு அனுப்பியிருந்தேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, குசினி வாசலில் குந்தியிருந்து அடுத்த கட்டை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“என்னத்த ஒடைக்கிறீங்க?” என்று கத்தினாள். அவள் கத்தினால் எனக்குக் கேட்கும்.

“ஒண்டையும் ஒடைக்கல்ல.”

“டிக்கெண்டு கேட்டுச்சே.”

அதே அம்பை மறுபடி வளைத்தேன்.

“மறுகாவும் கேக்குது! உங்கட காதுக்குக் கிட்டத்தானே வெச்சிருக்கீங்க?”

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் வளைத்தேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. திறந்து பார்த்தால், தேங்காய்ப் பாதியைக் கையில் பிடித்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காலையில் போன கட்டையும் நான்தான் ‘கேட்டு’ அனுப்பியிருந்தேன்.

“அவன்ட கை...” என்றாள். “யா அல்லாஹ், அவன்ட கை!”

ஃபோனை அவளிடமே கொடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்ததாம், அவன் எடுக்கவில்லை. வில்லோடு நிற்கும்போது அவன் ஃபோனைத் தொடமாட்டான், அந்த நினைப்பு இன்னும் பயமுறுத்தியது. அவள் உதடு ஓதிக்கொண்டேயிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். கடைசியில் அவன் எடுத்துவிட்டான் போல, ஃபோனுக்குள் கத்தினாள்.

“டேய், எய்யாத! மச்சான் அனுப்பின அம்பு ஒண்டையும் எய்யாத!”

அவன் என்னவோ நீளமாகக் கதைத்தான் போல. எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது.

“என்ன சொல்றான்? அட, என்னண்டு சொல்லேன்!”

“எல்லாத்தையும் ஒவ்வொரு தரம் எய்து பாத்திட்டானாம். ஒண்டும் ஆகல்லயாம். நல்ல அம்பாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். ஆனாலும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னேன். ஒரு தரம் தாங்கிய வெடிப்பு அடுத்த தரமும் தாங்கும் என்று யார் சொன்னது?

மறுநாள் கட்டு வந்து சேர்ந்தது. மனைவியைப் பக்கத்தில் இருத்தி, அவள் காதோரம் பிடித்து ஒவ்வொன்றாக வளைத்தேன். அவள் தலையாட்டத் தலையாட்ட, நல்லதென்று ஒரு பக்கம் வைத்தேன். போகப் போக எனக்குத் தைரியம் வந்தது. சும்மா பயந்துவிட்டோம் என்று சிரிக்கக்கூடப் பார்த்தேன்.

அடுத்த அம்பை வளைத்தபோது அவள் தலையாட்டவில்லை. என் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதே அம்பை என் காதில் வைத்து வளைத்தேன். ஒன்றுமில்லை. மற்றக் காதிலும் வைத்தேன், அங்கும் ஒன்றுமில்லை. அவள் பக்கம் திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்திருக்காவிட்டால் அதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.