மஞ்சள் தொண்டைச் சின்னானின் காவலர்

பாறைமேல் ஏறியதும் தீர்த்தகிரி கேமராவை எடுப்பதில்லை. முதலில் கால்சட்டைப் பையிலிருந்து ரோஜாச்செடி வெட்டுகிற கத்தரியை எடுப்பார். கூட்டை மறைக்கும் இலையை ஒற்றைக் கண்ணால் பார்த்து, “லைட்டா ஒரு எல மட்டும் சார். பேர்டுக்கு ஒன்னும் ஆவாது” என்பார். நறுக். அப்புறம் இன்னொன்று. எனக்குத் தெரிந்து அவருடைய ‘ஒரு இலை’ ஒருநாளும் ஒன்றோடு நின்றதில்லை.

ஓசூரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வாரமெல்லாம் நீலச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எல்லைப்புற ராணுவ வீரர் மாதிரி பச்சையும் பழுப்புமாகப் புள்ளிபோட்ட சட்டை, அதே துணியில் தொப்பி, முழங்காலுக்குத் தோல் உறை. இந்த உடுப்பில் பறவைகளின் கண்ணுக்குத் தெரியமாட்டாராம். பறவைக்குத் தெரியாதோ என்னவோ, சூளகிரியில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினால் கடையே திரும்பிப் பார்க்கிறது.

அவர் காவல் காக்கிற பறவையின் பெயர் மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னாட்டுப் பாறைக் குன்றுகளை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. நாமோ குன்றுகளை அறுத்து, மெருகேற்றி, சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். சூளகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்தவர் தீர்த்தகிரிதான். குன்று கல்குவாரிக்குப் போகிறது என்றதும் அலைந்து திரிந்து மனுக் கொடுத்தவரும் அவர்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைத் திட்டினால் எனக்கே அடுக்காது. அதிகாரிகள் திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் குன்று பிழைக்கும். இல்லையென்றால் வெடி வைப்பார்கள்.

வீட்டில் அவருடைய மனைவி ஜோதிமணியிடம் இந்தச் சேவையைப் பற்றிக் கேட்டேன். “எம் பொண்ணு பொறந்த நாலாம் நாளு கொசுவலையத் தூக்கிப் போட்டுட்டுப் போட்டோ புடிச்ச மனுசன் அண்ணா. புள்ளைக்கு மூஞ்சியெல்லாம் தடிச்சிப்போச்சி. கேட்டா, வலையோட எடுத்தா சார்ப்பா வராதுங்கறாரு” என்றார். தீர்த்தகிரி கூச்சப்படவில்லை. அந்தப் படத்தையே செல்போனில் தேடி எடுத்து என்னிடம் காட்டினார். நன்றாகத்தான் வந்திருந்தது.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள், அதாவது ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து நான்கு பேரை மலைக்கு அழைத்து வந்தார். ஆளுக்கொரு லென்ஸ், போர்வெல் குழாய் நீளத்துக்கு. சின்னானின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்த சின்ன ஒலிபெருக்கியைப் பாறையிடுக்கில் வைத்துக் கூவ விட்டார். தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று ஆண்பறவை பதறியடித்துக்கொண்டு வந்தது. விருந்தாளிகளுக்கு அதுவும் போதவில்லை. கூட்டுக்குள்ளே இருட்டாக இருக்கிறதாம்.

“சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார், இன்னொரு எலதான்” என்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி அவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னபடி தீர்த்தகிரி இந்த முறை கிளையையே வெட்டி எறிந்தார். காரைப்புதருக்குள் பதுங்கியிருந்த கூடு வாசலில் வைத்த கிண்ணம் மாதிரி வெட்டவெளியாகிவிட்டது. உள்ளே இரண்டு குஞ்சுகள், இறகு முளைக்காதவை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெயில் நேரா அடிக்குதே, குஞ்சு தாங்குமா?” என்றேன்.

“லைட்டு இல்லாம எப்பிடி சார் எடுக்கறது? குஞ்சு வாயத் தொறந்து நிக்கற மாதிரி ஒரு படம், கலெக்டர் டேபிள்ல வெச்சாப் போதும். குவாரிக்காரன் ஓடிப்பூடுவான்.”

“நாளைக்கு அவங்களே நேர்ல வர்றாங்க. அப்புறம் படம் எதுக்கு?”

 அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, “இவுங்க குரூப்புல காலண்டர் போடறாங்க சார். ஜூன் மாசத்துக்கு நம்ம படம்தான். பேரும் போடுவாங்க” என்றார். அழிந்துகொண்டிருக்கும் உயிரைக் காப்பாற்றுகிற லட்சணம் கடைசியில் ஜூன் மாதத்தில் வந்து நின்றது.

தாயும் தகப்பனும் வாயில் பூச்சியைக் கவ்வியபடி எதிர்ப்பாறையில் தத்திக்கொண்டிருந்தன. இத்தனை பேரைத் தாண்டிக் கூட்டுக்கு வரத் துணிவில்லை. விருந்தாளிகள் பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றார்கள். உதிர்ந்த துணுக்குக்கு இரண்டு காக்கைகள் வந்து சேர்ந்தன. விரட்டுங்கள் என்றேன். “காக்காவும் நேச்சர்தான் சார், வுடுங்க” என்றார் காவலர். அவர்கள் இறங்கிப் போனபோதும் காக்கைகள் போகவில்லை.

திங்கட்கிழமை அதிகாரிகள் வருவதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஏறினோம். கூடு சாய்ந்து தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. எதிர்ப்பாறையிலும் எதுவுமில்லை. தீர்த்தகிரி குன்றைச் சுற்றி வந்தார், காது கொடுத்துக் கேட்டார், திரும்பவும் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“காக்கா சார்” என்றார்.

“காக்காய்க்குக் கதவைத் திறந்து விட்டது யாரு?” என்றேன்.   

கீழே ஜீப் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தமும், வழி கேட்கிற குரலும் கேட்டன. தீர்த்தகிரி பாறைச் சரிவில் இறங்கி எதையோ தேடினார். முந்தின நாள் வெட்டி எறிந்த கிளையைக் கண்டுபிடித்து எடுத்து வந்தார். ஒரே நாள் வெயிலில் அது சுருண்டு போயிருந்தது. கழுத்தில் கிடந்த ஆலை அடையாள அட்டையைக் கழற்றி, அதன் நாடாவால் கிளையைப் புதரோடு சேர்த்து, வெறுங்கூட்டுக்கு மறைப்பாக இருக்கும்படி கட்டினார். முடிச்சை இறுக்க இறுக்க இலைகள் உதிர்ந்தன. அவர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மறுபடியும் கிளையில் செருகிக்கொண்டிருந்தார்.