அப்பா பெயரில் தேடாதது

கலம்கஸ் தன் அண்ணன் எர்முகானுக்கு ஒன்பது லட்சம் தெங்கே கடன்பட்டிருந்தாள். கல்லூரிக் கட்டணம். வேலைக்குப் போன இரண்டாம் வருஷமே அடைத்துவிட்டாள். ஆனாலும் அண்ணன் எதிரே குரலை உயர்த்த இன்றுவரை அவளுக்கு வாய் வந்ததில்லை.

எர்முகான் லேசுப்பட்ட ஆளா? எட்டாம் வகுப்போடு அல்மாத்தி நகரச் சந்தைக்கு வந்து, உறைபனியில் நின்று பூட்ஸ் விற்று, மூன்று கண்டெய்னர் கடைக்குச் சொந்தக்காரர் ஆனவர். அப்படி ஆனவர்களை அந்தச் சந்தையில் விரல்விட்டு எண்ணிவிடலாம். முழங்கால் விட்டுப்போனதால் கடைகளை விற்றார். கையில் நின்றது ஒரு கோடியே இருபது லட்சம் தெங்கே. அதை அய்தோஸ் கென்ஜெதாய் என்ற முதலீட்டு மேலாளரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

கொடுக்குமுன் தங்கையைக் கேட்டார். அவள் வேலையே அதுதானே! அவளுடைய நிறுவனம் ஒருவரை நம்பிப் பணத்தை ஒப்படைக்கும் முன், பழைய செய்தி, கோர்ட் அறிவிப்பு, முகநூல் வசவு வரை இணையத்தில் தோண்டி எடுத்துத் தருபவள். அய்தோஸையும் தேடினாள். இரண்டு பேட்டி, கருத்தரங்கில் எடுத்த ஒரு படம்.

“தப்பா ஒண்ணும் இல்லண்ணே.”

மறுநாள் விருந்து. முக்கிய விருந்தாளிக்கு உரிய வேகவைத்த ஆட்டுத்தலையை அய்தோஸ் முன்னால் வைத்தார்கள். “உங்க முன்னோர் பேரை ஏழு தலைமுறைக்குச் சொல்லுங்க தம்பி, பாப்போம்” என்றார் எர்முகான்.

“அப்பா பெக்சுல்தான், தாத்தா கென்ஜெதாய்...” ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஆறாவது பெயரில் எர்முகான் தொடையைத் தட்டினார். “அட, நம்ம குலம்!”

“காசு வாங்க வந்தவரு பங்காளியாயிட்டாரே!” என்று அண்ணி ராவ்ஷான் சிரித்தாள்.

கலம்கஸ் தட்டைத் தள்ளிவைத்தாள். கென்ஜெதாய் இவன் தாத்தா பெயரா? தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொள்வது இப்போது ஊரெல்லாம் நடக்கிறது. அலுவலகத்தில் என்றால் அப்பா பெயரிலும் தேடாமல் விடமாட்டாள். அண்ணன் காரியத்தைப் பஸ்ஸில் வரும்போதே பார்த்து முடித்திருந்தாள்.

சமையலறைக்குப் போய், பழைய வழக்கப்படி அப்பா பெயரோடு ‘ஓவ்’ சேர்த்து, அய்தோஸ் பெக்சுல்தானோவ் என்று தேடினாள். வடக்கே ஒரு மாவட்டப் பத்திரிகை. பள்ளி ஆசிரியைகளின் சேமிப்பை வாங்கிப் போனவன் திரும்பவில்லை என்று செய்தி. படத்தில் இதே முகம், மீசையோடு.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“நேத்து நீதானேடி சுத்தம்னே?”

“அப்பா பேர்ல தேடலண்ணே. என் தப்பு.”

“நேத்து தப்பு பண்ணவ இன்னிக்கும் பண்ணுவ.” போனைப் பிடுங்கிக்கொண்டுபோய் விருந்தாளி முன்னாலேயே வைத்தார்.

அய்தோஸ் அசரவில்லை. “இதுவா! அந்தப் பத்திரிகைக்காரன் காசு கேட்டான், குடுக்கல. எழுதிட்டான். கோர்ட்ல வழக்கு ஏதாவது இருக்கா? தேடிப் பாருங்க தங்கச்சி.”

நின்றபடியே தேடினாள். இல்லை. ஏமாந்தவர்கள் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லையோ என்னவோ. அந்த ஒரு செய்திக்கு மேல் எங்கும் ஒரு வரிகூட இல்லை.

“பாத்தியா? ஏழு தலைமுறை சொன்னவனைப் போய்... மானத்தை வாங்காதே.”

“அண்ணே, ஒரு வாரம் பொறுங்க. அந்தப் பத்திரிகைக்குப் போன் போட்டு...”

“நம்ம குலத்தானுக்கு அசலூர்க்காரன் சாட்சியா? உக்காரு. பணத்தை நீயே எண்ணிக் குடு. படிச்சவ கை தப்பாது.”

அண்ணி பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். கலம்கஸ் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அய்தோஸ் விரலில் ஒட்டிய கொழுப்பைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். அவள் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, நோட்டு நோட்டாக எண்ணி, அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.