ஐபோனுக்கு மட்டும் தனி ராகு காலம்

கைப்பேசிச் செயலி எழுதுவது, ஒரே சாம்பாரை இரண்டு மாமியார் வாய்க்கும் பிடிக்கிற மாதிரி வைக்கும் தொழில். ஆண்ட்ராய்டுக்கு ஒரு தடவை, ஐபோனுக்கு ஒரு தடவை என்று அல்லாடும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

தலை போன பிள்ளையார்

உலு திராமில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் புஷ்பா அக்கா, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு காலண்டர் செயலி கேட்டார். முகப்பில் பிள்ளையார், உள்ளே ராகு காலம். ஆண்ட்ராய்டில் காட்டினேன், பூரித்துப் போனார். ஐபோனில் காட்டினேன். திரை உச்சியில் இருக்கும் கருப்புக் கேமராப் பட்டை சரியாகப் பிள்ளையார் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"தம்பி, அவருக்கு ஒரு தடவ தலை போனது பத்தாதா லா?"

ஒரு கேள்வி

ஆண்ட்ராய்ட் பக்கம் செயலியை வெளியிடச் சீக்கிரமே அனுமதி கிடைத்துவிட்டது. ஐபோன் பக்கம் செயலியைச் சோதித்தவர் மட்டும் ஒரு கேள்வி அனுப்பினார்: இந்த ராகு காலம் வேண்டாம் என்றால் அதை நிறுத்தி வைக்க வழி உண்டா? அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"அதுக்கு வழி தெரிஞ்சா நான் எதுக்குப்பா சாம்பிராணி வித்துக்கிட்டு இருக்கேன்?"

சிகாமட் கேட்

அக்காவே எனக்கு ஒரு சம்பந்தமும் பார்த்தார். சிகாமட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் மகள் கவிதா. படத்தைப் பார்த்த நிமிடமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா, அக்கா, நான் மூவரும் பழத்தட்டோடு போய் நின்றோம். அக்காவின் ஆண்ட்ராய்ட் அதை நல்ல நேரம் என்றது. கேட் மட்டும் திறக்கவில்லை. கவிதாவின் அப்பா ஜன்னல் வழியாகத் தன் ஐபோனை ஆட்டிக் காட்டினார். "ஆறு மணி வரைக்கும் ராகு காலம். ஒன் கடை ஆப்தான் சொல்லுது, புஷ்பா!"

நான் ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி ராகு கால அட்டவணையைத் திங்களில் தொடங்கியிருந்தேன். ஐபோனோ வாரத்தை ஞாயிறிலிருந்து எண்ணும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஒரு நாள் முன்கூட்டியே வந்து சனிக்கிழமையில் உட்கார்ந்துவிட்டது. சொன்னால் பெண் கிடைக்காது, சொல்லாவிட்டால் கேட் திறக்காது. "மாமா, தப்பு ராகு மேல இல்ல, ஆப்புல!" என்று கத்தினேன்.

"அலமாக்!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். "எந்த மடையன் செஞ்ச ஆப்?"

"நான்தான் மாமா."

உள்ளேயிருந்து கவிதாவின் குரல் வந்தது.

"கேட்டத் தொறங்கப்பா. கல்யாணத் தேதிய மட்டும் இவர்கிட்ட கேக்காதீங்க."

இப்போது அவளிடம் ஐபோன், என்னிடம் ஆண்ட்ராய்ட், ராகு காலம் பார்க்க மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காகிதக் காலண்டர்.