வால் இல்லாத கிருமி

எட்டு வயதிலேயே நான் பெரிய டொக்டர் என்ற நினைப்பு எனக்கு. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த என் ராத்தா, வீட்டுக்கு மூத்தவள், பாடசாலைக் கண்காட்சிக்காக ஒரு பெரிய தாளில் பக்டீரியா வரைந்துகொண்டிருந்தாள். நீட்டு உருண்டையாய் ஓர் உடம்பு. அதைச் சுற்றிச் சுவர், சுவருக்கு உள்ளே மெல்லிய சவ்வு, வெளியே வழுவழுப்பான உறை, மேலெல்லாம் மயிர், பின்னால் நீண்ட வால். மயிரால் ஒட்டிக்கொள்ளுமாம், வாலால் நீந்துமாம். "உள்ளுக்குப் போனா ஆள முடிச்சிரும்" என்று என்னைப் பயமுறுத்தியும் வைத்தாள்.

அந்தக் கிழமைதான் வாப்பாவுக்கு விதைப்பு வேலை. எலிக்காய்ச்சல் பரவுகிறதென்று, வயலில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் சுகாதாரப் பரிசோதகர் பள்ளிவாசலில் வைத்துக் தடுப்பு மருந்தாகக் குளிசை கொடுத்திருந்தார். வாப்பா அலுமாரியில் வைத்த பொட்டலத்தைத் திறந்தேன். பச்சைக் கூட்டுக்குள் மருந்து அடைத்த, நீட்டு உருண்டையான குளிசைகள். யா அல்லாஹ்! ராத்தா வரைந்த அதே உடம்பு, அதே சுவர். வால் மட்டும் இல்லை. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் என்று முடிவுகட்டினேன். பின்னாளில் படித்தபோது தெரிந்தது, எலிக்காய்ச்சல் கிருமிக்குத்தான் வால் உள்ளே சுருண்டு கிடக்குமாம். பயந்தது சரி, ஆளைத்தான் மாற்றிப் பிடித்தேன், பாவி.

இதை விழுங்கினால் வாப்பா என்ன ஆவார்? அத்தனையையும் ஈரக்கையோடு அள்ளிக் கக்கூசில் போட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

"மகள், குளிசையக் கண்டியா?"

"இல்ல வாப்பா."

அவர் என் கையைப் பிடித்து, விரல்களில் ஒட்டியிருந்த பச்சைச் சாயத்தைக் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டார். "நாளைக்கு வேற வாங்குவம்" என்று வயலுக்குப் போனார். விதைப்பு நேரத்தில் யாருக்கு நாளை வருகிறது? வேறு குளிசை வாங்கவே இல்லை.

பத்தாம் நாள் வாப்பாவுக்குக் காய்ச்சல். கண் மஞ்சளாகி, சிறுநீரும் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"தந்த குளிசையப் போட்டீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

வாப்பா என்னைப் பார்த்தார். "மறந்துட்டன், டொக்டர்."

"இந்த மனுசன் எப்பதான் சொன்னாக் கேட்டிருக்கு!" என்று உம்மா எல்லோர் முன்னாலும் ஏசினார். அப்பாடா, தப்பித்தேன் என்று இருந்தது எனக்கு. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் வாப்பா மூச்சடங்கி மௌத்தானார்.

உம்மாவின் கோபம் இன்னும் ஆறவில்லை. "எங்கள நினைச்சிருந்தா அந்தக் குளிசையப் போட்டிருப்பாரே" என்று இப்போதும் சொல்லிச் சொல்லி அழுகிறார். வாப்பா என் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் போனார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. உம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.