வாணியின் கால்

1. பிரவுசரில் ஓடும் விளையாட்டுகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதக் காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கற்றுக்கொண்டோம். பிளாப்பி காலம்.
2. சிறந்த விளையாட்டைச் செய்பவருக்கு அங்கேயே ஆசிரியர் வேலை என்றார்கள்.
3. என்னைவிட வாணி நன்றாக எழுதினாள். தாமல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். போலியோவால் ஒரு காலை இழுத்து நடப்பாள்.
4. அந்த நடையை நான் விளையாட்டாக்கினேன்.

தேர் வருவதற்குள் ஒரு பெண் ராஜவீதியைக் கடக்க வேண்டும். அவளுக்கு வாணியின் இரட்டைப் பின்னலும் பச்சைத் தாவணியும் கொடுத்தேன். இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி நொண்ட வைத்தேன். எப்படி ஆடினாலும் தேர் அவள்மேல் ஏறிவிடும்.

"ஏய், நம்ம வாணிடி! இன்னாமா இழுத்துக்கினு போவுது பாரு!" என்று கூடப் படித்த சுமதி கத்தினாள். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார்.

வாணி உட்கார்ந்து ஒருமுறை ஆடினாள். தேர் ஏறியது. பிறகு என் புரோகிராமைத் திறந்து கடைசி வரி வரை படித்தாள்.

"கடக்கவே முடியாத மாதிரி எழுதிக்கிற. சரி. ஆனா எனக்கு வலது கால்டி. நீ இடதுன்னு போட்டுக்கிற."

பையை எடுத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் அவள் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. அதற்கும் நான் சிரித்தேன்.

அவள் திரும்ப வரவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

ஆறு மாதம் அவள் நடையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எந்தக் கால் என்றுகூடப் பார்த்ததில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த விளையாட்டைத்தான் மாதிரியாகக் காட்டுகிறேன். காலை இன்னும் மாற்றவில்லை.